தாரா, ஜிம்னியா? மணலின் கணக்கு வேறு

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான முதல் ரக அர்ஜுன் டாங்கியின் எடை 58 டன்னுக்கு மேல். ஆனாலும் ராஜஸ்தான் மணலில் புதையாமல் ஓடுகிறது. அகலமான சங்கிலிப் பட்டை எடையைப் பரப்பிவிடுவதால், ஒரு சதுர சென்டிமீட்டர் மணல் தாங்குவது சுமார் 0.85 கிலோதான். தார்ச்சாலைக்காக 30 பிஎஸ்ஐ காற்றடித்த ஜீப் டயரோ அதே இடத்தில் ஏறக்குறைய 2 கிலோ அழுத்தும். டயருக்குள் இருக்கும் அழுத்தம்தான் கிட்டத்தட்ட அப்படியே தரைக்கும் போகிறது.

சென்னை பாடியிலிருந்து ஜெய்சல்மேருக்கு வண்டி கிளப்ப நினைத்து, மஹிந்திரா தாரா மாருதி ஜிம்னியா என்று யோசிப்பவர் முதலில் இதை மனதில் வைக்க வேண்டும்.

எடையில் ஜிம்னி முந்துகிறது. ஐந்து கதவு ஜிம்னி சுமார் 1,200 கிலோ. 2020-இல் வந்த மூன்று கதவு தார் ஏறத்தாழ 1,750. ஆனால் 18 அங்குல அலாய் தாரின் டயர் அகலம் 255 மி.மீ., ஜிம்னியுடையது 195. எடையை அகலத்தால் வகுத்தால் ஜிம்னிக்கு மில்லிமீட்டருக்கு 6.2 கிலோ, தாருக்கு 6.9. அரை டன் வித்தியாசம் இவ்வளவாகச் சுருங்கிவிடுகிறது. எடையின் அருமை சிக்கிக்கொண்ட பிறகுதான் தெரியும். மண்வெட்டியால் தோண்டி, நாலு பேர் தள்ளினால் ஜிம்னி அசைந்துகொடுக்கும். தாரை இழுக்கப் பெரும்பாலும் இன்னொரு வண்டி வேண்டும்.

இழுவையில் தார் முந்துகிறது. அதன் 2.2 லிட்டர் டீசல் இன்ஜின் தருவது 300 நியூட்டன் மீட்டர், ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் 134. மணல்மேட்டில் பாதி வழியில் கியர் மாற்றினால் வேகம் செத்துவிடும். தார் ஒரே கியரில் ஏறிவிடும். ஜிம்னிக்கு அடிவாரத்திலேயே ஃபோர் லோ போட்டு, இன்ஜினைக் கத்தவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். தாரின் டீசல் டேங்க் 57 லிட்டர், ஜிம்னிக்கு 40. மணலில் மைலேஜ் பாதியாகக்கூட விழும் என்பதால் இதுவும் சின்ன விஷயமல்ல. ஒரு எச்சரிக்கை: 2023 முதல் தார் பின்சக்கர இழுவையிலும் விற்பனைக்கு வந்தது. ஃபோர் பை ஃபோர்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். ஜிம்னியில் அந்தக் குழப்பம் இல்லை.

அடுத்தது சக்கரம். சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா இருக்கும் பாடிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரும்பு ரிம் நசுங்கினால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி ஊர் போய்ச் சேரலாம். அலாய் விரிசல் விட்டால் ஸ்டெப்னிதான் கதி. இரண்டு வண்டியிலும் இரும்பு ரிம் வந்தது விலை குறைந்த வகையில்தான். தாரின் 16 அங்குல இரும்பு ரிம்மில் டயரின் பக்கச்சுவர் உயரம் சுமார் 184 மி.மீ.; 18 அங்குல அலாயில் 166. பக்கச்சுவர் உயர உயர, காற்றை இறக்கும்போது டயர் நன்றாகப் படுத்து நீளமாகப் பரவும். ஷோரூமில் கண்ணைப் பறிக்கும் வகை மணலில் ஒரு படி கீழேதான்.

தயாரிப்பு இரண்டுக்கும் ஒன்றே. கம்ப்ரசர், காற்றளவு மீட்டர், மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பலகைகள், இழுவைக் கயிறு, தூசி நீக்கிய ஏர் ஃபில்டர், தேவைக்கு மேல் தண்ணீர். மணலில் இறங்கும் முன் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்க வேண்டும். 15 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. அர்ஜுனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். ஆனால் அந்தக் காற்றில் சட்டென்று ஸ்டீயரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி காற்றடிக்காமல் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

இரண்டு பேர், குறைந்த மூட்டை, மணல்தான் குறி என்றால் இரும்பு ரிம் ஜிம்னி. ஜெய்சல்மேர் போய்ச் சேரவே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை, கூடவே கூடாரமும் சாமானும் என்றால் டீசல் தார். எதை வாங்கினாலும் முதல் செலவு கம்ப்ரசருக்கு. மேல்கூரை விளக்கும் ஸ்டிக்கரும் அப்புறம்.