இரண்டு சுற்று

தாம்பரம் தாண்டி, ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு கல்லூரியில் பெண்கள் தடகள அணிக்கு நான் கோச். நானும் 800 மீட்டர் ஓடியவள்தான். பல்கலைக்கழக அளவில் இரண்டு மெடல், அதற்கு மேல் போகவில்லை. முட்டி போனதும் விசிலை எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் ஒரு மீட். என் பொண்ணு ஒருத்தி கடைசி நூறு மீட்டரில் நான்கு பேரைத் தாண்டி முதலாவதாக வந்தாள். ஒட்ட வெட்டிய முடி, அகலமான தோள், கட்டைக் குரல். வேறொரு ஓட்டக்காரியின் அப்பா என்னிடம் வந்து, மரியாதையாகத்தான் கேட்டார்: "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அது பொண்ணுதானா?"

ஸ்பைக்ஸைக் கையில் பிடித்தபடி அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். திரும்பி வரும்போது எலக்ட்ரிக் டிரெயினில் கிண்டி வரைக்கும் பேசவில்லை. பிறகு, "அவர் என்ன மேம் கேட்டார்?" என்றாள். கேட்டது அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. "ஒண்ணுமில்லடி" என்றேன். கோச்சாக நான் சொன்ன மட்டமான பதில் அதுதான்.

அன்று இரவு முழுக்க சாந்தி சௌந்தரராஜன்தான் மனசில்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. அப்பா அம்மா செங்கல் சூளைத் தொழிலாளிகள். 2005இல் ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டிலும் அதே தூரத்தில் வெள்ளி. நேரம் 2:03.16. மூன்றாவதாக வந்தவரை மயிரிழையில் முந்தியிருந்தார். சில நாட்களிலேயே பாலினச் சோதனையில் தோற்றுவிட்டார் என்று செய்தி வந்தது, பதக்கம் போயிற்று. ஊக்கமருந்து எதுவும் இல்லை. யாரையும் ஏமாற்றவும் இல்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்கள் போட்டியில் ஓடிய ஒருவரைப் பார்த்து, நீ யார் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாடே டிவியில் பார்த்தது.

இது சாந்தியோடு ஆரம்பித்த கதை இல்லை. 1966இல் புடாபெஸ்ட்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகளை டாக்டர்கள் முன்னால் நிர்வாணமாக நிறுத்திப் பார்த்தார்கள். அது அசிங்கம் என்று 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸில் குரோமோசோம் சோதனையைக் கொண்டுவந்தார்கள். கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் வழித்தால் போதும், அறிவியல் சொல்லிவிடும் என்றார்கள். சொல்லவில்லை. ஸ்பெயினின் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டீன்யோ 1985இல் கோபேயில் சிக்கினார். அவருக்கு இருந்தது XY. ஆனால் அவருடைய உடல் ஆண் ஹார்மோனைக் கண்டுகொள்வதே இல்லை. அப்படியென்றால் அதில் என்ன சாதகம்? பதக்கங்களும் உதவித்தொகையும் போயின, காதலனும் போனான். மூன்று வருடம் போராடி 1988இல் ஓடும் உரிமையைத் திரும்ப வாங்கினார். அதற்குள் ஒரு ஓட்டக்காரியின் நல்ல வயது ஓடிவிட்டது.

1999இல் ஒலிம்பிக் கமிட்டி எல்லோருக்குமான கட்டாயச் சோதனையைக் கைவிட்டது. ஆனால் சந்தேகம் வந்தால் சோதிக்கலாம் என்ற கதவு திறந்தே இருந்தது. சாந்தி மாட்டியது அந்தக் கதவில்தான். யார்மேல் சந்தேகம் வரும்? என்னிடம் வந்த அந்த அப்பாவுக்கு எதைப் பார்த்து வந்ததோ, அதைப் பார்த்துத்தான். முடி, தோள், குரல். 2009இல் காஸ்டர் செமன்யா, 2014இல் டூட்டி சந்த். டூட்டி மட்டும் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2015இல் அந்த ஹார்மோன் விதியை நிறுத்திவைக்க வைத்தார். சாந்திக்காக அப்படி யாரும் படியேறவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. 2025இலிருந்து உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் ஓட வருபவர்களுக்கு மறுபடி ஒரு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. திரும்ப கன்னத்தை வழிக்கிற இடத்துக்கே வந்துவிட்டோம்.

சாந்தியின் கதையில் எனக்கு முக்கியமானது அதற்குப் பிந்தைய பகுதி. தமிழக அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்தப் பணத்தைப் போட்டு புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். யோசித்துப் பாருங்கள், தன்னைத் துரத்திவிட்ட தடத்துக்கே வேறு பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார். பணம் கரைந்தது. 2012இல் தினக்கூலிக்கு, அப்பா அம்மா வேலை பார்த்த அதே சூளைக்குப் போனார். செய்தி வெளியே வந்த பிறகுதான் பெங்களூரில் பயிற்சியாளர் டிப்ளமோ படிக்க இடம் கிடைத்தது. படித்து முடித்து, பின்னர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் கோச் ஆனார். பதக்கம் இன்றுவரை திரும்பவில்லை.

முட்டி போய் கோச் ஆவதும் இப்படி கோச் ஆவதும் ஒன்றில்லை. எனக்கு ஓட்டம் தானாக முடிந்தது. அவருக்கு முடித்துவைத்தார்கள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு கிரவுண்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. மற்றவர்களை ஸ்ட்ரெச்சிங்குக்கு அனுப்பிவிட்டு அவளை மட்டும் படிக்கட்டில் உட்காரவைத்தேன். நேற்று அந்த மனிதர் என்ன கேட்டார் என்பதை அப்படியே சொன்னேன். பிறகு சாந்தியைப் பற்றிச் சொன்னேன், செங்கல் சூளை உட்பட. நான் பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் அழவில்லை, ஈரமண்ணில் ஸ்பைக்கால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவங்க டைம் என்ன சொன்னீங்க மேம்?"

"ரெண்டு மூணு புள்ளி ஒண்ணு ஆறு."

அவளுடைய பெஸ்ட் 2:19. விரல்விட்டு எண்ணினாள்.

"பதினாறு செகண்ட்" என்று சொல்லிவிட்டு, லேஸை இறுக்கிக்கொண்டு மற்றவர்களோடு போய்ச் சேர்ந்தாள்.