அன்யேஹோ

நாட்பட்டுப் பக்குவமடைந்தது என்னும் பொருளுடைய இந்த ஸ்பானியப் பெயரடை, பாலாடைக்கட்டி, ஒயின், டெக்கீலா, ரம் ஆகியவற்றுக்கு அடைமொழியாக வழங்குகிறது. 'ஓராண்டு வயதுடையது' எனப் பொருள்படும் 'அன்னிகுலுஸ்' என்ற இலத்தீன் சொல்லே இதன் மூலம். 'ஆண்டு' எனப் பொருள்படும் 'அன்னுஸ்' ஸ்பானியத்தில் 'அன்யோ' ஆனதும், தேனீயைக் குறித்த 'அபிகுலா' 'அபேஹா' ஆனதும் இவ்வொலித்திரிபுக்குச் சான்றுகளாகும்.

மெக்சிகோவின் விதிப்படி, 600 லிட்டருக்கு மிகாத ஓக் மரப்பீப்பாயில் ஓராண்டேனும் வைக்கப்பட்ட டெக்கீலாவே இப்பெயரைப் பெறுவதால், வேர்ச்சொல்லின் 'ஓராண்டு' சட்டத்தின் அளவுகோலாகவும் அமைந்துவிட்டது. இரண்டு மாதமேனும் பீப்பாயில் இருந்தது 'ரெபோசாதோ', அதாவது 'ஓய்வுற்றது' எனப்படும். மூன்றாண்டைக் கடந்தது 'எக்ஸ்ட்ரா அன்யேஹோ' ஆகும்.

ரம்மைப் பொறுத்தவரை இச்சொல்லுக்கு எல்லா நாடுகளுக்கும் பொதுவான கால வரம்பு இல்லாமையால், டெக்கீலா, ரம் இரண்டையும் மிடறு மிடறாகச் சுவைத்து ஒப்பிடுவோர் பெயரொப்புமையை வயதொப்புமையாகக் கொள்ளலாகாது. ஓக் மரத்தின் லிக்னினிலிருந்து வரும் வெனிலா மணம் இரண்டுக்கும் பொதுவாயினும், டெக்கீலாவில் அதன் அடியில் வெந்த நீல அகாவேயின் மணமும், ரம்மில் கரும்புப்பாகின் மணமும் நிற்கும். ஆகவே 'அன்யேஹோ' என்பது பீப்பாய் சேர்த்ததைக் குறிக்கும் சொல்லேயன்றி, மூலப்பொருளைக் குறிக்கும் சொல் அன்று.