ஒரு சத்திரசிகிச்சையின் வரலாறும் அதில் விடுபட்ட பெண்களும்

தலைமயிரை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் நடும் சத்திரசிகிச்சையின் கதையை எழுதுபவர்கள் பலர் நியூயோர்க்கில் இருந்துதான் தொடங்குகிறார்கள். 1952இல் நோர்மன் ஒரென்ட்றைக் என்ற தோல் வைத்தியர் அங்கே ஒரு வழுக்கைத் தலையில் இதனைச் செய்தார். 1959இல் அதுபற்றி எழுதினார். அதன் பிறகு வளர்ந்தது ஆண்களின் வழுக்கையைச் சுற்றி எழுந்த பெரும் வியாபாரம். ஆனால் இதற்கொரு முன்கதை யப்பானில் உண்டு. அந்தக் கதையில் வழுக்கை விழுந்த ஆண் பிரதான பாத்திரமல்ல.

1939இல் ஷோஜி ஒக்குடா என்ற யப்பானிய வைத்தியர், சில மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டக் கத்தியால் மயிரோடு கூடிய தோற்துண்டுகளை எடுத்து, தழும்பு விழுந்த தலைகளிலும் மயிரிழந்த புருவங்களிலும் நட்டு, அதன் பெறுபேறுகளை விரிவாக வெளியிட்டார். 1943இல் தமுரா என்பவர் இன்னும் ஒருபடி மேலே போனார். தோற்துண்டை நுணுக்கமாகப் பிரித்து மயிரை ஒவ்வொன்றாக நட்டார். அவரிடம் வந்தவர்கள் பெண்கள். பெண்குறியை அண்டிய இடத்தில் மயிர் இல்லாதிருப்பது அந்தச் சமூகத்தில் ஒரு குறையாகப் பார்க்கப்பட்டது. அதை மறைக்க வந்தவர்கள் அவர்கள். 1953இல் புஜிற்றா என்பவர் தொழுநோயால் அழிந்த புருவங்களை மீள அமைப்பது பற்றி எழுதினார். நோய் மாறிய பின்னும் புருவமற்ற முகம் ஒருவரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்குமல்லவா.

இவையெல்லாம் யப்பானிய மொழியில் எழுதப்பட்டவை. முதல் இரண்டும் யுத்தச் சூழலுக்குள் வெளிவந்தவை. மேற்கு நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலம் இவற்றை அறியவில்லை. தமுராவின் நுணுக்கத்தை அமெரிக்கர்கள் மறுபடி எட்டிப்பிடிக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. ஆங்கிலமல்லாத மொழியில் எழுதிக்கொண்டிருக்கும் எங்களுக்கு இதொன்றும் புதினமான செய்தியல்ல.

ஒரென்ட்றைக் ஒரு முக்கியமான விடயத்தை நிலைநாட்டினார் என்பதை மறுக்க முடியாது. ஓர் ஆணுக்கு வழுக்கை எவ்வளவு பரந்தாலும் பிடரியிலும் காதோரங்களிலும் மயிர் பெரும்பாலும் நிலைத்து நிற்கும். அந்த மயிரை உச்சியில் நட்டாலும் அது பிடரியின் குணத்தோடுதான் வளரும். முழுச் சத்திரசிகிச்சையும் இந்த ஒரு கருத்தின் மேல் நிற்கிறது. (அவர் காலத்துத் துண்டுகள் 4 மில்லிமீற்றர் அளவானவை. பெறுபேறு பொம்மைத் தலையில் குத்திய மயிர்க்கற்றைகள் போலிருந்தது. அதற்கும் காசு கொடுத்தார்கள்.)

பெண்களின் விடயத்தில் இந்த அத்திவாரமே ஆடத் தொடங்குகிறது. பெண்களின் மயிரிழப்பை மூன்று படிகளாக 1977இல் வகுத்தவர் எரிக் லுட்விக் என்ற ஜேர்மன் வைத்தியர். நெற்றியோர மயிர் நிற்க, உச்சி வகிட்டில் இருந்து அகலமாக மெலிந்துகொண்டு போவது அவர் விவரித்த வடிவம். இவர்களில் பலருக்குப் பிடரியும் சேர்ந்தே மெலிகிறது. அங்கிருந்து எடுத்து உச்சியில் நட்டால், மெலியப்போகும் மயிர் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். நடும்போது அயலில் இருக்கும் மயிரும் சிலகாலம் கொட்டலாம். இருப்பதே குறைவான தலையில் அது சின்ன விடயமல்ல.

இன்னொரு வகை இழப்பு எங்களுக்கு நெருக்கமானது. கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, பட்டினி, பெரும் அதிர்ச்சி ஆகியவற்றின் பின் மயிர் திரளாகக் கொட்டுவதை 1961இல் அமெரிக்கரான அல்பேர்ட் கிளிக்மன் விளக்கினார். அதிர்ச்சி நேரும்போது பெருந்தொகையான மயிர்கள் ஒரேயடியாக ஓய்வுநிலைக்குப் போகின்றன. விழுவது இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத்தான். ஆகவே காரணம் ஒரு நாட்டிலும் விளைவு இன்னொரு நாட்டிலும் நேர இடமுண்டு. "இஞ்சத்தைத் தண்ணி ஒத்துக்கொள்ளேல்லை" என்று எத்தனை பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்! தண்ணீரின் மேல் பழியைப் போடுமுன் அதற்கு முந்திய மூன்று மாதங்களை எண்ணிப் பார்க்கலாம். இரும்புச்சத்துக் குறைவையும் தைரொயிட்டையும் ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். இந்த வகைக்குச் சத்திரசிகிச்சை தேவையே இல்லை. காரணம் விலகினால் பெரும்பாலும் மயிர் தானாகவே திரும்பும்.

அப்படியானால் கத்தி எந்தப் பெண்ணுக்கு? தீக்காயத் தழும்பு உள்ளவளுக்கு, சத்திரசிகிச்சைத் தழும்பு உள்ளவளுக்கு, பிடரி மயிர் உறுதியாக இருப்பவளுக்கு. இறுக்கிக் கட்டி நெற்றியோரம் இழந்தவளுக்கும் பொருந்தும், கட்டுவதை அவள் விட்டிருந்தால். இந்த இழுவை இழப்பு கிறீன்லாந்துப் பெண்களிடம் அவதானிக்கப்பட்டு 1907இலேயே எழுதப்பட்டது. எங்கள் பள்ளிக்கூடங்களின் இறுக்கிய இரட்டைப் பின்னல் நினைவுக்கு வராமல் போகாது.

ஆனால் நெற்றியோரம் பின்வாங்குவதெல்லாம் இழுவையல்ல. மாதவிடாய் நின்ற பெண்களிடம் நெற்றியோர மயிர்வேர்கள் அழற்சியால் தழும்பாகி அழிவதை 1994இல் சிட்னியில் ஸ்டீவன் கொசார்ட் விவரித்தார். நோய் அடங்காத தலையில் நட்டால் நட்டதும் அழியக்கூடும். சந்தேகமிருந்தால் தலைத்தோலில் சிறு துண்டு வெட்டிப் பரிசோதிப்பார்கள்.

நடும் முறை திருந்தியது உண்மை. ரெக்சாஸில் பொபி லிம்மர் நுணுக்குக்காட்டியின் கீழ் மயிர்க்கூறுகளை இயற்கையான சிறு தொகுதிகளாகப் பிரித்து நட்டு, 1994இல் அதை வெளியிட்டார். ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே தோண்டியெடுக்கும் முறை 2002இல் எழுதப்பட்டது. அதற்குப் பெரும்பாலும் பின்தலையை மழிக்கவேண்டும். ஆகவே நீண்ட கூந்தலுள்ள பெண்கள் பலர் தோலை நாடாவாக வெட்டியெடுக்கும் பழைய முறையையே விரும்புகிறார்கள். தழும்பைக் கூந்தல் மறைத்துவிடும்.

கத்தியில்லாத வழியும் இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு வந்த மினொக்சிடில், பூசுமருந்தாக அமெரிக்காவில் ஆண்களுக்கு 1988இல் அனுமதிக்கப்பட்டது. பெண்களுக்கு 1991இல். பூசுவதை நிறுத்தினால் பலனும் போய்விடும்.

இன்று விமானச்சீட்டு, விடுதி, சத்திரசிகிச்சை மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்லி இஸ்தான்புல்லுக்கு அழைக்கிறார்கள். போய்வருபவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பெண்களையும் அழைக்கும் விளம்பரங்கள் வரத்தான் செய்கின்றன. காசு கட்டுமுன் கேட்கவேண்டியவை சில: என் இழப்பு எந்த வகை, பிடரி மயிரின் தடிப்பை யார் அளந்தது, வெட்டுபவர் வைத்தியரா உதவியாளரா. நட்ட மயிர் சில கிழமைகளில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களில் முளைக்கத் தொடங்கும். முழுப் பெறுபேறு தெரிய ஏறத்தாழ ஒரு வருடம் செல்லும்.