சப்பாணிக்கு ஒரு பெயர்

ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். திரைப்படச் செய்திகளில் நாள்தோறும் அடிபடும் ‘கிளாமர்’ என்னும் ஆங்கிலச் சொல், மாணவர்களை அச்சுறுத்தும் ‘கிராமர்’ என்னும் சொல்லின் திரிபே. இலக்கணம், எழுத்தறிவு என்னும் பொருளுடைய இலத்தீனச் சொல்லே இரண்டுக்கும் மூலம். எழுத்தறியாப் பெருமக்களின் கண்ணுக்கு எழுத்தறிந்தவன் மந்திரம் கற்றவனாகத் தோன்றினான். ஆகவே ஸ்காட்லாந்து வழக்கில் ரகரம் லகரமாகத் திரிந்து, அச்சொல் கண்கட்டு வித்தையைக் குறிக்கலாயிற்று. வால்டர் ஸ்காட்டின் படைப்புகள் அதனை ஆங்கிலத்தில் பரப்பின. அழகின் மயக்கம் என்னும் இன்றைய பொருள் அதன் பின்னரே வந்தது. பந்தரைப் பந்தல் எனவும் சாம்பரைச் சாம்பல் எனவும் வழங்கும் நமக்கு ரகர லகர மாற்றம் வியப்பன்று. இலக்கணமும் கவர்ச்சியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதே வியப்பு.

தமிழில் ‘கவர்ச்சி’ என்பது கவர்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. கவர்தலாவது பற்றிக்கொள்ளுதல். திரையில் தோன்றும் ஒருவர் நம் கண்ணைப் பற்றிக்கொண்டு விடாதிருப்பதே கவர்ச்சி. அவ்வாறு பற்றியவர் தாமே முன்வந்து தம் பிடியைத் தளர்த்திய ஒரு நிகழ்ச்சியையும், அதனோடு பிணைந்த ஒரு சொல்லின் வரலாற்றையும் இப்பொழிவில் ஆராய்கிறோம்.

1977ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் ‘16 வயதினிலே’ வெளிவந்தது. இயக்குநர் பாரதிராசாவுக்கு அது முதற்படம். தயாரித்தவர் எஸ். ஏ. ராசகண்ணு, ஒளிப்பதிவு பி. எஸ். நிவாசு, இசை இளையராசா. நாயகன் கமல்ஹாசனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் குழந்தை நடிகராக அறிமுகமான அவர், 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’, 1976இல் ‘மன்மத லீலை’ ஆகிய படங்களால் இளைஞரின் கனவுநாயகனாக உயர்ந்திருந்தார். ‘மன்மத லீலை’ என்னும் பெயரே அவர்க்கு அன்றிருந்த தோற்றத்தைச் சொல்லிவிடும். சீவிய தலைமுடி, நாகரிக உடை, நடனம் பயின்ற உடல், பெண்களைச் சுற்றிவரும் பார்வை ஆகியவையே அத்தோற்றம். கமல், ரசினிகாந்த், சிறிதேவி ஆகிய மூவரும் அதே 1976இல் பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’ படத்தில் சேர்ந்து நடித்தவர்கள். அங்கே அவர்கள் நகரத்து மாந்தர்.

அடுத்த ஆண்டில் அதே கமல்ஹாசன் கோவணம் கட்டிக்கொண்டு திரையில் நின்றார். படியாத நீள்முடி, வெற்றிலைக் காவி ஏறிய வாய், ஒருபுறம் சாய்ந்து இழுத்து நடக்கும் கால், எவர் ஏவினாலும் செய்யும் அடிமைத்தனம் ஆகியவற்றோடு தோன்றிய அவனுக்கு ஊர் இட்ட பெயர் சப்பாணி. குருவம்மாளின் வீட்டில் உண்டு, அவள் மகள் மயிலை மனத்தில் வைத்துக்கொண்டு காலங்கழிப்பவன் அவன். மயிலோ பத்தாம் வகுப்புத் தேறி, ஆசிரியையாக வேண்டும் என்னும் அவாவும், படித்த நாகரிக இளைஞன் ஒருவனை மணக்கும் கனவும் உடையவள். ஊருக்கு வரும் கால்நடை மருத்துவனை நம்பி ஏமாறுகிறாள். ஊர் பழிக்கிறது, தாய் இறக்கிறாள், சப்பாணி ஒருவனே துணையாகிறான்.

இதற்கு முன்னர் நட்சத்திர நடிகர்கள் எளியவராக நடித்ததில்லையா எனக் கேட்கலாம். நடித்துள்ளனர். 1971ஆம் ஆண்டிலேயே ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தில் எம்.ஜி.ஆரும் ‘பாபு’ படத்தில் சிவாசி கணேசனும் ரிக்சாத் தொழிலாளராக நடித்தனர். முன்னவருக்கு அவ்வேடம் நடுவண் அரசின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்தது. எனினும், நம் கணிப்பில், எம்.ஜி.ஆரின் ரிக்சாக்காரர் ரிக்சாவில் ஏறிய எம்.ஜி.ஆரே. காக்கிச் சட்டையும் அவர்க்கு அழகாகவே அமைந்தது. நம் பினாங்கு மண்ணில் 1929இல் பிறந்த பி. ரம்லி, 1955இல் தாமே முதன்முதல் இயக்கிய ‘பெனாரெக் பெச்சா’வில் பெச்சா மிதிக்கும் ஏழையாக வந்தார். அவரும் அழுக்குச் சட்டைக்குள் அழகராகவே இருந்தார். பாடியவுடன் நாம் அழுக்கை மறந்தோம். அமெரிக்காவில் பேரழகியெனப் பெயர்பெற்ற கிரேசு கெல்லி, 1954இல் ‘தி கன்ட்ரி கேர்ள்’ படத்தில் மூக்குக்கண்ணாடியும் வாடிய முகமுமாகக் குடிகாரக் கணவனின் மனைவியாக நடித்து ஆசுகர் விருது பெற்றார். இவையெல்லாம் வறுமையையோ சோர்வையோ ஏற்றவை. சப்பாணி வேடம் ஏளனத்தையும் சேர்த்து ஏற்றது. நாயகனைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. அரங்கில் இருப்பவரும் சிரிக்கின்றனர். அச்சிரிப்புக்குத் தம் உடலைக் கொடுக்க உச்சியிலிருக்கும் நடிகர் எளிதில் இசையமாட்டார்.

இப்படம் தெலுங்கிலும் இந்தியிலும் மறுவடிவம் பெற்றது. தெலுங்கில் சந்திரமோகனும் இந்தியில் அமோல் பலேக்கரும் இவ்வேடம் ஏற்றனர். 1979இல் வந்த இந்திப் படம் எடுபடவில்லை. பலேக்கர் தேர்ந்த நடிகர். ஆனால் பக்கத்து வீட்டு எளிய மனிதராகவே அறியப்பட்ட அவர், இழப்பதற்கு மன்மதத் தோற்றம் ஏதும் வைத்திருக்கவில்லை. தமிழில் பார்த்தவர்களோ, நேற்றுக் கண்ட கமல்ஹாசனை உள்ளத்தில் வைத்துக்கொண்டு இன்றைய சப்பாணியைக் கண்டனர். அவ்விரு உருவங்களுக்கும் இடைப்பட்ட தொலைவே அந்நடிப்பின் பாதி ஆற்றல் என்பது நம் கருத்து.

மொழியியலார் என்னும் முறையில் நம்மை ஈர்ப்பது உடையைக் காட்டிலும் பேச்சே. தமிழ் இரட்டை வழக்கு மொழி. எழுத்துக்கொரு நடை, பேச்சுக்கொரு நடை. 1952இல் வந்த ‘பராசக்தி’யின் காலத்தில் திரைமாந்தர் மேடைத்தமிழ் முழங்கினர். பின்னர் நகரத்து நடுத்தர மக்களின் பேச்சு இடம்பெற்றது. சிற்றூர்ப் பேச்சு பெரும்பாலும் நகைச்சுவை நடிகர்க்கே ஒதுக்கப்பட்டது. தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராசாவும் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராசாவும் அவ்வட்டாரத்து ஓசையை நாயகன் நாயகியரின் வாயிலேயே வைத்தனர். சப்பாணியின் பேச்சு இன்னும் ஒரு படி கடந்தது. வாய் நிறைய வெற்றிலை இருப்பதால் அவன் ஒலிகள் தடித்து இழுபடுகின்றன. தொடர்கள் முடியாமல் தொங்குகின்றன. தெளிந்த உச்சரிப்புக்குப் பெயர்பெற்ற நடிகர் ஒருவர் தம் ஒலிப்பையே குலைத்துக்கொண்டது தலைமுடியைக் குலைத்துக்கொண்டதைவிடப் பெரிது. தென்பாண்டிச் சிற்றூராக நாம் நம்பிய காட்சிகள் பெரும்பாலும் கருநாடகத்துக் கொள்ளேகால் பகுதியில் எடுக்கப்பட்டவை. நிலம் கன்னட நாட்டினதாயினும் அதனைத் தமிழ்ச் சிற்றூராக நம்மை நம்பவைத்தது பேச்சே.

சப்பாணிக்குப் பாட்டுக்குரல் தந்தவர் நம் நாட்டவர் என்பதை மாணவர்க்கு நினைவூட்ட விரும்புகிறோம். கிள்ளானில் பிறந்து சென்னைக்குப் பெயர்ந்த மலேசியா வாசுதேவன் அப்படத்தில் பாடிய பாடல்களே அவரை முன்வரிசைக்குக் கொணர்ந்தன. மெருகேறாத தொண்டையும் மண்வாடையும் உடைய அக்குரல் அவ்வுடலுக்கு ஒட்டியது. நடுவண் அரசின் விருது பெற்ற பாடல், மயிலுக்காக எசு. சானகி பாடியது.

இனி அச்சொல்லுக்கு வருவோம். ‘சப்பாணி’ இழிசொல்லாகப் பிறந்ததன்று. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் நான்காவது சப்பாணிப் பருவம். உட்காரத் தெரிந்த குழந்தை இரு கைகளையும் சேர்த்துத் தட்டி மகிழ்வதைப் புலவர் பாடும் பகுதி அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொட்டு இப்பருவம் தொடர்ந்து வருகிறது. வடமொழியில் ‘உடன்’, ‘கை’ எனப் பொருள்படும் ‘சக’, ‘பாணி’ என்னும் சொற்களின் சேர்க்கையாக இதனைக் கொள்வாரும் உளர். கைதட்டும் குழந்தை காலை மடக்கி அமர்ந்திருக்கும். ஆகவே அமர்வுநிலைக்கும் அப்பெயர் படர்ந்தது. ‘சப்பணமிட்டு’ அமர்தல் இன்றும் பேச்சில் உண்டு. எழுந்து நடக்கமாட்டாமல் அமர்ந்தபடியே நகர்பவனையும் பிற்காலத்தார் அச்சொல்லாலேயே சுட்டினர். இறுதியில் கால் ஊனமுற்ற எவரையும் அது குறித்தது. குழந்தையின் மகிழ்ச்சியைச் சொன்ன சொல் மனிதன் ஒருவனின் குறையைச் சொல்வதாக இழிந்தது. இதனை இழிபொருட்பேறு என மாணவர் எழுதுவர். தேர்வில் மதிப்பெண்ணும் பெறுவர்.

படத்தின் நடுவே ஒரு காட்சி உண்டு. எல்லாம் இழந்த மயில், இனி எவரேனும் சப்பாணி என்று அழைத்தால் சப்பென்று அறைந்துவிடு என அவனுக்குக் கற்பிக்கிறாள். அவன் இயற்பெயர் கோபாலகிருட்டிணன் என்பது நமக்குத் தெரிகிறது. ஆசிரியையாக விரும்பி ஆகாமற்போனவள் நடத்தும் ஒரே பாடம் அது. மாணவன் ஒருவன், பாடப்பொருள் அவன் பெயர். அவனும் கற்றபடியே செய்கிறான். ஊர்ச் சண்டியன் பரட்டையும் அறைக்குத் தப்பவில்லை.

கோபாலகிருட்டிணன் என்னும் பெயரைக் கேட்டபோது நமக்குப் பெரியாழ்வார் நினைவுக்கு வந்தார். அவர் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் ஆயர்பாடிக் கண்ணனைச் சப்பாணி கொட்டும்படி வேண்டுவது. அங்கே சப்பாணி கொட்டுபவன் கோபாலன். இங்கே சப்பாணி எனப்பட்டவன் கோபாலகிருட்டிணன். கதையமைத்தோர் இதனை எண்ணிச் செய்தனர் என நாம் கூறமாட்டோம். எண்ணியிரார் என்றே தோன்றுகிறது. மொழி தன் பழைய கணக்குகளை இவ்வாறு எவரும் கேளாமலே வைத்திருக்கிறது.

படத்தில் நமக்கு உடன்பாடற்றவையும் உண்டு. முற்பகுதியில் அவன் நொண்டுதலையே நகைப்புக்குப் பயன்படுத்திவிட்டுப் பிற்பகுதியில் இரங்கச் சொல்வது ஒன்று. மயிலாக நடித்த சிறிதேவி 1963ஆம் ஆண்டு ஆகசுட்டு 13ஆம் நாள் பிறந்தவர் என்பது மற்றொன்று. படம் வெளிவந்தபோது அவர்க்குப் பதினான்கு வயது நிறைந்து ஒரு திங்களே ஆகியிருந்தது. தலைப்பிலுள்ள எண்ணை நாம் இன்று அவ்வளவு எளிதாகக் கடந்துபோக இயலவில்லை.

பெயர்க்கும் பட்டப்பெயர்க்கும் வேறுபாடு ஒன்று உண்டு. பெயர் வழங்க வழங்கப் பொருள் தேய்ந்து வெறுங்குறியாகிவிடும். நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயர் மலாய்மொழியில் கரிய நீர் எனப் பொருள்படும். பேருந்தில் ஆயர் ஈத்தாம் எனக் கூறி இறங்குவோர் நீரையோ கருமையையோ நினைப்பதில்லை. பட்டப்பெயர் அவ்வாறு தேய்வதில்லை. அழைக்கும்தோறும் அது பொருளோடே போய்த் தைக்கிறது.

இதனை நாம் நூலில் கற்கவில்லை. அப்படம் இந்நாட்டு அரங்குகளுக்கு வந்தபோது நாம் இடைநிலைப்பள்ளி மாணவர். இளம்பிள்ளைவாதத்தால் ஒருகால் சூம்பிய தோழர் ஒருவர் உடன் படித்தார். அதுவரை அவரைப் பெயர் சொல்லியே அழைத்தோம். படம் வந்த மறுவாரம் முதல் அவர் சப்பாணி ஆனார். அழைத்தால் அறைந்துவிடு என்று சொன்ன காட்சியைப் பார்த்துவிட்டு வந்து, அதே சொல்லால் அழைத்தோம். நாமும் அழைத்தோம், ஆசிரியர் ஒருவரும் ஒருநாள் வருகைப் பதிவின்போது அழைத்தார். தோழர் எவரையும் அறையவில்லை. பள்ளி முடியும்வரை அப்பெயருக்கே எழுந்து நின்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆயர் ஈத்தாம் சந்தையில் அவரைக் கண்டோம். பெயர் சொல்லி அழைத்தோம். இரண்டாம் முறைதான் திரும்பினார். தேநீர் அருந்தியபடி நெடுநேரம் உரையாடினோம். அக்காலத்தில் அப்படத்தைப் பார்க்கவே தாம் அரங்குக்குப் போகவில்லை என்றும், பிள்ளைகள் வளர்ந்தபின் தொலைக்காட்சியில் பார்த்ததாகவும், கமல் நன்றாகவே நடித்திருப்பதாகவும் கூறினார். கையை ஓங்கி நம்மை அறைவதுபோல் காட்டிச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னர், நீங்கள் தமிழ் ஆராய்ந்தவராயிற்றே, அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் எனக் கேட்டார். பிள்ளைத்தமிழையும், கைதட்டும் குழந்தையையும், பெரியாழ்வாரின் கண்ணனையும் சொன்னோம். தேநீர்க் குவளையை நகர்த்தி வைத்துவிட்டு, இரு கைகளையும் ஒருமுறை மெல்லத் தட்டிப் பார்த்தார். இதை அன்றைக்கே வகுப்பில் யாராவது சொல்லியிருக்கலாமே என்றார்.