ஈட்டும் முறையில் இருக்கும் பொறுப்பு: அரியலூர், பெரம்பலூர் தொழில்களும் நிர்வாகக் கல்வியின் மறுசீரமைப்பும்

1. கொடையும் பொறுப்பும்

தொழில் நிறுவனங்கள் சமுதாயத்துக்கு ஆற்ற வேண்டிய கடமை இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தால் எழுத்துவடிவம் பெற்றது. அச்சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. பள்ளிக்கூடக் கட்டடம், குடிநீர்த் தொட்டி, மருத்துவ முகாம், மரக்கன்று என்று பொதுமக்கள் ‘சி.எஸ்.ஆர். நிதி’யாக அறிந்திருப்பவை இதன் விளைவுகள்.

இந்த ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் புதிதாகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. வணிகரைக் கொடையால் மதிப்பிடும் மரபு இங்கே ஆழமானது. 1926இல் கோவையில் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் நிறுவிய அறக்கட்டளை, 1929இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1947இல் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரி ஆகியவை அம்மரபின் பெருமைக்குரிய சான்றுகள். ஆனால் கொடையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும்போது, கொடுக்கப்படும் பொருள் எப்படி ஈட்டப்பட்டது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. திருக்குறள் வாணிகத்தின் நெறியை ஈகை அதிகாரத்தில் வைக்காமல் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணிச் செய்வதே அங்கே வணிகருக்கு வகுக்கப்படும் நெறி. அது ஈட்டும் முறையைப் பற்றியது.

நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு, லாபத்தில் ஒரு பங்கைச் செலவிடுவதைக் காட்டிலும் லாபம் ஈட்டும் முறையிலேயே அடங்கியுள்ளது என்பதும், அம்முறையைத் தீர்மானிக்கும் முடிவுகளை எடுக்க மாணவரைப் பயிற்றுவிக்கும் வகையில் நிர்வாகக் கல்வி மாற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் இதற்குரிய களமாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. களம்: கல், நிலம், உழைப்பு

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடல் விட்டுச்சென்ற படிவுகளே இன்றைய சுண்ணாம்புக்கல் வளம். அதை நம்பி அரியலூரில் பொதுத்துறை நிறுவனமான டான்செம் 1979இல் சிமெண்ட் ஆலையைத் தொடங்கியது. பின்னர் ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், ஆலத்தியூர், தளவாய், கீழப்பழுவூர், தாமரைக்குளம் ஆகிய இடங்களில் தனியார் ஆலைகள் எழுந்தன. 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2007 நவம்பரில் அரியலூர் நிலையான தனி மாவட்டமாயிற்று. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிச் சீமை பெரம்பலூர். அரியலூரின் கிழக்குப் பகுதி முந்திரிக்குப் பெயர்பெற்றது. 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கரைவெட்டிப் பறவைகள் சரணாலயமும் இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஒரு மூட்டை சிமெண்டைக் கணக்கிட்டுப் பார்த்தால் இங்கே தொழிலுக்கும் சமுதாயத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் தெளிவாகும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெறும், சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் தேவை. 50 கிலோ சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டில் கிளிங்கரின் பங்கு 95 சதவீதம். ஆகவே ஒரு மூட்டைக்குச் சுமார் 71 கிலோ கல் வெட்டப்படுகிறது. 2014இல் நிர்ணயித்த விகிதப்படி டன்னுக்கு 80 ரூபாய் உரிமத்தொகை. கனிமச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் மாவட்டக் கனிம அறக்கட்டளையை ஏற்படுத்தியது. அதன்படி 2015 ஜனவரி 12க்கு முந்தைய குத்தகைகள் உரிமத்தொகையில் 30 சதவீதத்தை, அதாவது டன்னுக்கு 24 ரூபாயை, அந்த அறக்கட்டளைக்குச் செலுத்துகின்றன. மூட்டைக் கணக்கில் அது சுமார் 1 ரூபாய் 70 காசு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் கல்விக்கும் இந்த வழியில் திரும்பி வருவது அவ்வளவுதான்.

மாநிலங்கள் கனிம நிலத்துக்கு வரி விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதையடுத்துத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் வரி விதித்தது. கல்லின் விலையில் சமுதாயத்தின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் முடிவாகாத வழக்கு என்பதை இது காட்டுகிறது.

பணக்கணக்கில் வராத பங்குகளும் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது எரிபொருள் புகை நீங்கலாகவே ஒரு டன் கிளிங்கருக்கு அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. வெடி வைப்பதால் ஏற்படும் அதிர்வு, சாலையோர வயல்களில் படியும் தூசி, ஊருக்குள் ஓடும் டிப்பர் லாரிகள், கல் எடுத்தபின் நீர் தேங்கி நிற்கும் ஆழக் குழிகள் ஆகியவை இவ்வட்டாரத்தின் நீண்டகால முறையீடுகள். இவற்றில் எதையும் 2 சதவீத நிதி தொடுவதில்லை. நிறுவனத்தின் வழக்கமான தொழில் நடவடிக்கைகள் சமூகப் பொறுப்புச் செலவாகக் கருதப்படமாட்டா என்று விதிகளே விலக்கியுள்ளன. சட்டம் தன் எல்லையைச் சரியாகவே வகுத்திருக்கிறது. 2 சதவீதத்தோடு பொறுப்பு முடிந்தது என்று நிறுவனங்கள் எடுத்துக்கொள்வதே பிழை.

3. நிலமும் காலமும்

சுண்ணாம்புக்கல் முதல் பாடம் என்றால், அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டம் இரண்டாவது பாடம். 1990களில் அத்திட்டத்துக்காக விவசாயிகளின் நிலம் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீடு போதாது என்று உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். வழக்குகள் தலைமுறை தாண்டி நடந்தன. சுரங்கமும் வரவில்லை, மின் நிலையமும் வரவில்லை. இறுதியில் அரசு திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பித் தர முன்வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நிலத்தை நம்பிக் கடன் வாங்கவோ கிணறு வெட்டவோ முடியாமல் நின்ற குடும்பங்களின் இழப்பு எந்த நிறுவனத்தின் ஐந்தொகையிலும் பதிவாகவில்லை.

பெரம்பலூரில் 2007-08 வாக்கில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காக வாங்கப்பட்ட பெரும் நிலப்பரப்பும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆலையின்றிக் கிடந்தது. ஒரு திட்டம் தோற்றால் முதலீட்டாளருக்கு என்ன நட்டம் என்று கணக்கிடும் முறை நிர்வாகக் கல்வியில் நன்கு வளர்ந்திருக்கிறது. அதே தோல்வி நிலம் கொடுத்தவருக்கு என்ன நட்டம் தரும் என்று கணக்கிடும் முறை அங்கே கற்பிக்கப்படுவதில்லை.

இப்போது இவ்வட்டாரம் மூன்றாவது கட்டத்தில் நிற்கிறது. நாரணமங்கலத்தில் டயர் ஆலை இயங்குகிறது. எறையூர் சிப்காட் வளாகம் 2022 நவம்பரில் திறக்கப்பட்டு அங்கே காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனம் ஒன்றின் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. காலணித் தொழில் பெண்களின் உழைப்பை நம்புவது. வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் சென்றுவந்த கிராமத்துப் பெண்கள் மாதச் சம்பளத்துக்கு மாறுவது பெரிய முன்னேற்றம். அது நிலைக்குமா என்பது ஷிப்ட் நேரம், பேருந்து, கழிப்பறை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைப் பொறுத்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டளையிட்டது. அதைச் சட்டத்துக்காக ஒரு பூட்டிய அறையாக வைப்பதா, தாய்மார்கள் நம்பிக் குழந்தையை விட்டுச்செல்லும் இடமாக நடத்துவதா என்பதை முடிவுசெய்பவர் மேலாளர்.

இதே எறையூரில் இயங்கும் பொதுத்துறைச் சர்க்கரை ஆலையும் ஒரு கடமையை நினைவூட்டுகிறது. கரும்பு பெற்ற 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி தர வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை கூறுகிறது. பொதுத்துறையோ தனியாரோ, எந்தச் சர்க்கரை ஆலைக்கும் முதல் சமூகப் பொறுப்பு கரும்புப் பணத்தைத் தவணை தவறாமல் தருவதே. அதைத் தாமதப்படுத்திவிட்டுக் கண் சிகிச்சை முகாம் நடத்துவது பொறுப்பாகாது.

4. நிர்வாகக் கல்வி வந்த வழி

நிறுவனத் தலைவரின் சமூகக் கடமையைப் பாடப்பொருளாக்கிய முதல் பெரிய நூல் அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்ட் போவன் 1953இல் எழுதியது. நிறுவனத்தின் கடமை சட்டத்துக்கு உட்பட்டு லாபம் ஈட்டுவதே என்று 1970இல் மில்டன் பிரீட்மன் வாதிட்டார். 1984இல் எட்வர்ட் பிரீமன், பங்குதாரர் மட்டுமின்றி நிறுவனத்தால் பாதிக்கப்படும் அனைவரும் அதன் அக்கறைக்குரியவர் என்ற கோட்பாட்டை வகுத்தார். ஆனால் வகுப்பறையில் வென்றது பிரீட்மன் பார்வை. மனிதன் தன்னலத்தால் மட்டுமே இயங்குகிறான் என்று கற்பிக்கும் கோட்பாடுகள் மாணவரை அறப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டன என்று, கொல்கத்தாவில் பிறந்த மேலாண்மை அறிஞர் சுமந்திர கோஷல் 2005இல் வெளியான கட்டுரையில் கடுமையாக எழுதினார்.

இந்தியாவில் 1961இல் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தொடங்கின. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் அருகே, திருச்சியில் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் 1984லும் இந்திய மேலாண்மைக் கழகம் 2011லும் தோன்றின. இரு மாவட்டக் கல்லூரிகளும் பாரதிதாசன் பல்கலைக்கழக எல்லைக்குள் வருகின்றன. ஆக, இந்தியாவின் முதன்மையான சுண்ணாம்புக்கல் வட்டாரங்களுள் ஒன்று, உயர் நிர்வாகக் கல்வி நிலையங்களிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. பாடத்தில் குறை இருந்தால் அதற்குத் தொலைவைக் காரணம் சொல்ல முடியாது.

மாற்று வழிக்கு முன்மாதிரியும் நாட்டிலேயே உண்டு. வர்கீஸ் குரியன் முயற்சியால் 1979இல் ஆனந்தில் தோன்றிய ஊரக மேலாண்மை நிறுவனம், மாணவர் கிராமத்தில் தங்கிக் கற்பதைப் படிப்பின் கட்டாயப் பகுதியாக வைத்தது. பால் ஊற்றும் உழவரை நிறுவனத்தின் உரிமையாளராகப் பார்க்கும் பார்வை அங்கே பாடத்தின் அடித்தளமாயிற்று.

5. மறுசீரமைப்பின் கூறுகள்

அறநெறி என்று தனியொரு தாளைச் சேர்ப்பதால் பயன் குறைவு. முடிவுகள் எடுக்கப்படும் பாடங்களுக்குள்ளேயே பொறுப்பு நுழைய வேண்டும்.

முதலாவது நிதி மேலாண்மை. ஒரு சுரங்கத்தை மூடிச் சீரமைக்க 30 ஆண்டு கழித்து 100 கோடி ரூபாய் தேவைப்படும் என்று கொள்வோம். 10 சதவீதத் தள்ளுபடி வீதத்தில் கணக்கிட்டால் அதன் இன்றைய மதிப்பு 5 கோடியே 73 லட்சம்தான். பின்னால் வரும் சேதம் இன்றைய கணக்கில் கரைந்துபோவது இப்படித்தான். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த மாணவருக்கு, அந்தக் குழியின் ஓரத்தில் 30 ஆண்டு கழித்தும் வாழப்போகும் ஊருக்கு இது பொருந்துமா என்று கேட்கவும் தெரிய வேண்டும். கனிமப் பாதுகாப்பு விதிகள் கேட்கும் படிப்படியான சுரங்க மூடல் திட்டம் வகுப்பறையின் அடிப்படை ஆவணங்களில் ஒன்றாக வேண்டும்.

இரண்டாவது காலம். கனிமக் குத்தகை 50 ஆண்டு ஓடுகிறது, ஓர் ஆலை மேலாளர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போகிறார். 2015க்கு முன் சொந்த ஆலைப் பயன்பாட்டுக்காக வழங்கப்பட்ட குத்தகைகள் 2030 மார்ச் 31 வரையோ 50 ஆண்டு நிறைவு வரையோ, எது பிந்தியதோ அதுவரை செல்லும். பல சுரங்கங்களின் கணக்குத் தீர்க்கும் நாள் நெருங்குகிறது. அடுத்தவருக்கு விட்டுச்செல்லும் நிலையையும் மேலாளரின் செயல்திறன் மதிப்பீட்டில் சேர்க்கும் முறையை மாணவர் வடிவமைத்துப் பழக வேண்டும்.

மூன்றாவது போக்குவரத்து. நடைக்கணக்கில் கூலி தந்தால் ஓட்டுநர் வேகமாகத்தான் ஓட்டுவார். விபத்தை ஓட்டுநரின் குணக்குறையாகப் பார்க்காமல் கூலி முறையின் விளைவாகப் பார்க்கக் கற்பிப்பது மேலாண்மைப் பாடத்தின் வேலை.

நான்காவது மொழி. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் கேட்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தவும் சொல்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் படித்து வெளிவரும் மேலாளர் அந்தக் கூட்டத்தில் ஓர் உழவரின் கேள்விக்குத் தெளிவான தமிழில் விடை சொல்லத் திணறுகிறார். கிணற்று நீர்மட்டம், பட்டா, இழப்பீடு பற்றித் தமிழில் பேசி, கேட்டு, எழுதும் திறன் தேர்வுக்குரியதாக வேண்டும். களப்பணி செய்த மாணவரின் அறிக்கையை அந்த ஊரின் கிராம சபையில் படித்துக் காட்டி, அங்கு எழும் கருத்துகளை மதிப்பெண்ணோடு இணைக்கலாம்.

6. எதிர்வாதங்கள்

ஒழுங்குபடுத்துவது அரசின் வேலை, நிறுவனம் சட்டத்தைப் பின்பற்றினால் போதும் என்பது வலுவான எதிர்வாதம். ஆனால் சட்டம் தீங்கு நடந்தபின் வருவது, பெரும்பாலும் காலம் தாழ்த்தி வருவது. ஒரு வெடியின் அதிர்வு எத்தனை வீட்டுச் சுவரை எட்டும் என்பது ஆய்வாளருக்கு முன்பே ஆலைக்குத் தெரியும். முன்னறிவு இருக்கும் இடத்தில்தான் முதல் பொறுப்பும் இருக்கிறது.

செலவு கூடினால் ஆலைகள் வேறிடம் போய்விடும் என்பது மற்றொரு வாதம். கனிமம் இருக்கும் இடத்தை விட்டுச் சிமெண்ட் ஆலை போக முடியாது. காலணி ஆலை போக முடியும். ஆகவே புதிய தொழில்களில் மேலாளரின் திறமைக்குக் கூடுதல் தேவை இருக்கிறது. பேருந்தும் காப்பகமும் ஒழுங்காக இருந்தால் வேலையை விட்டுப் போவோர் குறைவர் என்பதை லாபக் கணக்காகவே காட்ட முடிந்தவர்தான் அதை நிலைநிறுத்துவார்.

7. முடிவு

2 சதவீத நிதியும் கனிம அறக்கட்டளையும் தேவையானவை. அவை ஊர்களுக்குப் பயன் தந்திருக்கின்றன, தொடரவும் வேண்டும். ஆயினும் அவை லாபம் ஈட்டி முடித்தபின் நடப்பவை. நிலத்தை எப்படிப் பெறுவது, கல்லை எப்படி எடுப்பது, குழியை எப்படி விட்டுச்செல்வது, கூலியை எந்தக் கணக்கில் தருவது என்ற முடிவுகளில்தான் ஒரு நிறுவனம் சமுதாயத்துக்கு நல்லதோ கெட்டதோ செய்கிறது. திருச்சியின் மேலாண்மை நிறுவனங்களும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் வணிகவியல், மேலாண்மைத் துறைகளும் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களைத் தம் நிலையான பாடக்களமாக ஏற்க வேண்டும். 2030க்குள் அதைச் செய்தால், முடிவுக்கு வரும் குத்தகைகளின் கணக்கைத் தீர்க்கத் தகுதியான ஒரு தலைமுறை மேலாளர்கள் உருவாகியிருப்பார்கள்.