பட்டாசும் புலனுணர்வு வரலாறும்

மனிதரின் கண்ணும் காதும் உடலமைப்பில் பெரிதும் மாறாதிருப்பினும், அவை கண்டும் கேட்டும் பழகியவை காலந்தோறும் மாறிவந்துள்ளன. இம்மாற்றத்தை ஆராயும் துறை புலனுணர்வு வரலாறு எனப்படும். விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி முதல் இருக்கன்குடியை அடுத்த சாத்தூர் வரை பரவியுள்ள பட்டாசுத் தொழில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

நிறம்

கரி, கந்தகம், வெடியுப்பு சேர்ந்த பழைய வெடிமருந்து பெரும்பாலும் செம்மஞ்சள், வெண்மை ஒளிகளையே தந்தது. 1780களில் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தோலே பொட்டாசியம் குளோரேட்டைத் தயாரித்தார். 19ஆம் நூற்றாண்டில் இது வாணவேடிக்கையில் பயன்பட்டபோது உலோக உப்புகளின் நிறங்கள் தெளிவாக வெளிப்பட்டன: இசுட்ரோன்சியம் சிவப்பையும் பேரியம் பச்சையையும் செப்பு நீலத்தையும் தருகின்றன. மிகு வெப்பத்தில் செப்புச் சேர்மம் சிதைந்துவிடுவதால் நல்ல நீலம் இன்றும் அரிதே.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அத்தொழிலின் வழியே பட்டாசுத் தொழில் வளர்ந்தது. அரண்மனை, கோயில் விழாக்களின் வேடிக்கை இவ்வாறு வீட்டு வாசலுக்கு வந்தது.

ஒலி

1999இல் இந்திய அரசு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஏ வகை அளவீட்டில் 125 டெசிபல் அல்லது சி வகை அளவீட்டில் உச்சமாக 145 டெசிபல் என வரம்பு விதித்தது. டெசிபல் மடக்கை அளவீடாகும். 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்காகும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலியெழுப்பும் வெடிகளை வெடிக்க 2005இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2018இல் பேரியம் உப்புகளும் சரவெடியும் தடைசெய்யப்பட்டன. அவ்வாண்டு முன்வைக்கப்பட்ட 'பசுமைப் பட்டாசு' என்னும் பெயர் நிறத்தைக் குறிப்பதன்று. பச்சை ஒளி தரும் பேரியமே விலக்கப்பட்டுவிட்டது. கம்பி மத்தாப்பிலும் பேரியம் நைத்திரேட்டே பயன்பட்டு வந்ததால் தொழிலுக்கு இது பேரிழப்பாயிற்று.

தொழிலாளர்

வேடிக்கை பார்ப்போருக்கு ஓரிரவில் முடியும் அனுபவம், தொழிலாளருக்கு ஆண்டு முழுவதும் நீடிக்கிறது. மருந்து நிரப்புவோர் தோலில் அலுமினியத்தூள் வெள்ளிபோல் படிகிறது; கந்தக நெடி உடைகளில் தங்குகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிற ஊர்களில் கொண்டாட்டத்தைக் குறிக்கும் வெடியொலி, இவ்வட்டாரத்தில் பகற்பொழுதில் கேட்டால் அச்சத்தையே எழுப்புகிறது.

கண்நோய் தீர வேண்டி மக்கள் கண்மலர் காணிக்கை செலுத்தும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலும் இவ்வட்டாரத்திலேயே, அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்துள்ளது.