எங்கேயிருந்து எதுவரை?
(இராமேசுவரம் மூன்றாம் பிரகாரத்தின் அளவுகள் பற்றி ஒரு பழைய மாணவனின் கட்டுரை)

"நம்ம பக்கத்து வரலாறா ஏதாவது எழுதுங்களேன்" என்று மலர்க் குழுவினர் கேட்டதும் என் நினைவுக்கு வந்தது ஒரு டேப். தோல் உறைக்குள் சுருட்டி வைத்த 100 அடி துணி டேப். 1976-இல் எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் அதை எங்களிடம் கொடுத்து, "போய் மூன்றாம் பிரகாரத்தை அளந்துட்டு வாங்கப்பா, தூணையும் எண்ணிடுங்க" என்றார்.

இராமநாதபுரத்தில் மீட்டர் கேஜ் வண்டி ஏறி, பாம்பன் பாலம் தாண்டி, அனுமதியும் வாங்கிக்கொண்டு கோயிலுக்குள் போனோம். நண்பன் ஒருவன், "சார், பிரகாரம் 4000 அடின்னு போட்டிருக்கு. டேப்பை நாற்பது தடவை வைக்கணுமா?" என்று கேட்டான். சார் சிரித்தபடி திருப்பிக் கேட்டார்: "எங்கேருந்து எதுவரைக்கும்ப்பா 4000?"

அதை வேடிக்கைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டோம். ஒரு பக்கம் அளந்து முடிப்பதற்குள் யாத்திரிகர் கூட்டம் வந்துவிட்டது. தூண் எண்ணப் போன மூன்று குழுக்களும் மூன்று எண்ணிக்கையோடு திரும்பின. புத்தகத்தில் சொல்லும் 1212 எவரிடமும் இல்லை. மூலைத் தூணை ஒருவன் இரண்டு முறை எண்ணியிருந்தான். பெரிய தூணோடு ஒட்டி நிற்கும் சிறு தூணை ஒருவன் சேர்த்தான், இன்னொருவன் விட்டுவிட்டான். "முதல்ல எது தூண்னு முடிவு பண்ணிட்டு எண்ணணும்" என்றார் சார். அன்றைய பாடம் அவ்வளவுதான். நாங்களோ கடலில் குளித்து, பொரித்த மீன் சாப்பிட்டு ஊர் திரும்பினோம்.

பின்னாளில் நானும் வாத்தியாரானேன். வருடா வருடம் வகுப்பில், "உலகிலேயே நீளமான பிரகாரம், 4000 அடி!" என்று முழங்கினேன். ஒரு நாள் பின் பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், கோயில் மதிலே கிழக்கு மேற்கா 865 அடி, தெற்கு வடக்கா 657 அடின்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்குள்ள 4000 அடி எப்படி சார் அடங்கும்?" என்றான். எனக்குப் பேச்சே வரவில்லை. சார் கேட்ட கேள்வி இத்தனை வருடம் கழித்து ஒரு சிறுவன் வாயிலிருந்து வந்தது.

கணக்கைப் பார்ப்போம்

4000 என்பது ஒரே நேர்கோடு அல்ல, கூட்டுத்தொகை. கோயிலில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பிரகாரங்கள் உண்டு. வெளிப் பிரகாரத்துக்கு வழக்கமாகத் தரப்படும் அளவு, தெற்கிலும் வடக்கிலும் 640 அடி, கிழக்கிலும் மேற்கிலும் 400 அடி. நான்கு பக்கமும் கூட்டினால் 2080 அடி. அடுத்த பிரகாரம் 352 அடிக்கு 224 அடி; சுற்றளவு 1152 அடி. இரண்டும் சேர்ந்து 3232 அடி. உள் பிரகாரத்தையும் சேர்த்து 3850 அடி என்று சொல்கிறார்கள். அதுவே வாய்க்கு வாய் மாறி 4000 ஆனது.

இன்னொரு கணக்கில் அதே வெளிப் பிரகாரம் 690 அடிக்கு 435 அடி என்று வருகிறது. இரண்டில் ஒன்று பொய்யா? அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் வெளி ஓரமாகவும் மற்றவர் உள் ஓரமாகவும் டேப் பிடித்தால், இரண்டு முனையிலும் பாதையின் அகலம் கூடும் அல்லது குறையும். இத்தனை வித்தியாசம் வர அதுவே போதும்.

உயரத்திலும் இதே கதைதான். 1876-இல் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பெர்குசன், ரோம் நகரத்துப் புனித பேதுரு ஆலயத்தின் நடுக்கூடத்தையே நீளத்தில் நம் பிரகாரம் விஞ்சுகிறது என்று வியந்தவர். அவர் உயரத்தைச் சுமார் 30 அடி என்றார். இன்று தரப்படும் அளவோ 22 அடி ஏழரை அங்குலம். முன்னது கண் மதிப்பு. பின்னது அங்குலத்தில் பாதி வரை சொல்லும் அளவு.

பொன் விகிதம் தேடுவோருக்கு

640-ஐ 400-ஆல் வகுத்தால் 1.6. இதைக் கண்டதும் சிலருக்குக் கை துறுதுறுக்கும். "பார்த்தீர்களா, பொன் விகிதமாகிய 1.618-க்கு எவ்வளவு பக்கத்தில்!" என்பார்கள். நல்லது, ஆனால் 690-ஐ 435-ஆல் வகுத்தால் 1.586. இரண்டாம் பிரகாரம் 1.571. அளக்கும் இடத்தை மாற்றினால் விகிதமும் மாறுகிறது. அதைக் கொண்டு சிற்பியின் மனதைப் படித்துவிட்டோம் என்று சொல்வது நியாயமாகாது.

எகிப்தில் இது நடந்தது. பெரிய பிரமிடின் அளவுகளில் தெய்வ ரகசியம் உண்டென்று பியாஸி ஸ்மித் என்ற வானியலாளர் எழுதினார். அதைச் சோதிக்க 1880-இல் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற இளைஞர் கருவிகளோடு போனார். அவருடைய தந்தையே அந்தக் கொள்கையில் நம்பிக்கை வைத்தவர். மகன் அளந்தபோது அடிப்பக்கம் கொள்கைக்குத் தேவையானதைவிட ஏறத்தாழ 6 அடி குறைந்தது. கொள்கை போயிற்று, பிரமிடின் பெருமை போகவில்லை.

நம் சிற்ப சாத்திரக்காரர்கள் இந்த விஷயத்தில் விழிப்பானவர்கள். எட்டு யவம் ஓர் அங்குலம், 24 அங்குலம் ஒரு முழம் என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. 25, 26, 27 அங்குல முழங்களும் உண்டென்று தனித்தனிப் பெயர் கொடுத்தார்கள். "எந்த முழம்?" என்று கேட்காமல் அவர்கள் கயிறு பிடிக்கவில்லை. அடிக்கணக்கு பின்னால் வந்தது. கோயிலை அடிக்கணக்கில் கட்டியதாக நினைத்து அதில் மர்மம் தேடுவது வீண்.

உண்மை அளவே போதும்

மிகைப்படுத்தாமல் சொன்னால் பெருமை குறைந்துவிடுமா? ஒரு முறை வெளிப் பிரகாரத்தைச் சுற்றி வாருங்கள். மூன்று பர்லாங்குக்கு மேல் நடந்திருப்பீர்கள், வெயில் படாமல். தெற்குப் பிரகாரத்தின் ஒரு முனையில் நின்று மறுமுனையில் நிற்பவரைப் பாருங்கள். ஐந்தரை அடி மனிதர் 640 அடி தூரத்தில் அரை டிகிரிதான் தெரிவார். வானத்து முழு நிலவின் அகலமும் அரை டிகிரிதான். ஆள் நிலவளவு ஆகிவிடும் தூரத்துக்குத் தூண்களை ஒரே வரிசையில், நூல் பிசகாமல் நிறுத்தியிருக்கிறார்கள். அதுவும் எங்கே? மணலும் பவளப் பாறையும் தவிர வேறில்லாத தீவில். முதல் பாலமே 1914-இல்தான் வந்தது. அதற்கு முன் வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு கல்லும் கடல் தாண்டித் தோணியில் வந்ததுதான்.

18-ஆம் நூற்றாண்டில் இந்தப் பிரகாரத்தை நிறைவு செய்த பெருமை முத்துராமலிங்க சேதுபதிக்கு உரியது. அவரை 1795-இல் கும்பினியார் பதவி நீக்கிச் சிறைவைத்தார்கள். 1809-இல் சிறைவாசத்திலேயே இறந்தார். அவர் காலத்து வேலையைப் பற்றிப் பேசும்போது, இல்லாத அடிகளைக் கூட்டிச் சொல்வது அவருக்கும் பெயர் தெரியாத அந்தக் கல்தச்சர்களுக்கும் மரியாதை ஆகாது.

அந்தப் பையனிடம் மறுநாளே, "நான் சொன்னது தப்புப்பா, நீ கேட்டதுதான் சரி" என்று வகுப்பிலேயே சொன்னேன். முப்பது வருட வாத்தியார் வேலையில் நான் எடுத்த நல்ல பாடம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த சந்திப்பில் வசதிப்பட்டவர்கள் ஒரு நாள் ஒதுக்குங்கள். இராமேசுவரம் போவோம். அரைகுறையாக விட்டுவந்த மூன்று பக்கங்கள் இன்னும் பாக்கி. டேப் நான் கொண்டுவருகிறேன். தூண் எண்ணுவதற்கு முன், எது தூண் என்று மட்டும் முடிவு செய்துகொள்வோம்!